முப்பத்தொன்றாம் கேள்வி

பாஸ்போர்ட் படத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்ற விதி எனக்கு மிகவும் பிடித்த விதி. சிரித்த முகத்தை வைத்து ஒருவரை அடையாளம் காண முடியாது. எல்லாரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள். வாயை மூடி, இரண்டு காதும் தெரிய, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தால்தான் ஆள் யார் என்பது வெளியே வரும். நாற்பத்தொரு வருடமாக என்னிடம் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் இடம் உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலோரம், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பசை டப்பா. படிவம் நிரப்பித் தருவது தொழில். இப்போது பாதி வேலை கணினிக்குப் போய்விட்டது. கணினியில் நிரப்பத் தெரியாதவர்கள் நேராக என்னிடம் வருவார்கள். தெரிந்து நிரப்பி மாட்டிக்கொண்டவர்கள் இரண்டாவது தடவை வருவார்கள்.

நான் கொஞ்சம் கதை விடுவேன் என்பதையும் விசாரித்திருப்பீர்கள். வரிசையில் நின்றே தாடி வளர்ந்துபோய், படத்தோடு முகம் ஒத்துவராமல் திரும்பியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெரியவருக்கு விசா வருவதற்குள் அவர் போக வேண்டிய நாடே இரண்டாகப் பிரிந்துவிட்டது, பாதிக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தார்கள், பெண்டாட்டி வீடு மறுபாதியில் இருந்ததால் எல்லையில் நின்று குரல் கொடுத்துப் பேசிவிட்டு வந்தார் என்றும் சொல்லியிருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரம்மா, “தாத்தா, உங்க புளுகுக்குன்னு ஒரு பாஸ்போர்ட் எடுத்தா பக்கம் பத்தாது” என்பாள். சரிதான். ஆனால் படிவத்தில் நான் புளுகியதில்லை. ஒரே ஒரு படிவத்தில், ஒரே ஒரு கட்டத்தில், ஒரு டிக். அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள்.

நேற்று விசாரணையில் மிகவும் மரியாதையாகப் பேசினீர்கள். “வயசானவர், ஏதோ கைதவறி டிக் பண்ணிட்டீங்க. கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, எச்சரிச்சு விட்டுடறோம்” என்று சொல்லி, காகிதமும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பேனா நன்றாக எழுதுகிறது. ஆனால் அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் கவனக்குறைவு என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அந்தப் பெயரோடு என்னால் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். என்னைவிட ஒன்பது வயது சிறியவள். அவளுடைய முதல் பாஸ்போர்ட் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அங்க அடையாளம் என்ற இடத்தில் ‘இடது புருவத்தில் தழும்பு’ என்று எழுதினேன். அந்தத் தழும்பை உண்டாக்கியதும் நான்தான். ஊஞ்சலைக் கொஞ்சம் வேகமாக ஆட்டிவிட்டேன்.

அவளைக் கட்டியவர் வெளிநாட்டில் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளர். அவருக்குக் கீழே ஐம்பது ஆட்கள். வந்து இறங்கும் ஆளிடம் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. ஆள் சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கிடங்கில் அப்படி ஒரு வழக்கம். தங்கை போய் இறங்கிய அன்று விமான நிலைய வாசலிலேயே அவளிடமும் கையை நீட்டினாராம். ஐம்பதோடு ஐம்பத்தொன்று.

பதினொரு வருடம் அது அந்த அலமாரியில் இருந்தது. இரண்டாவது வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆறாவது வருடம் எங்கள் அம்மா படுத்த படுக்கையானாள். நான் தொலைபேசியில் கேட்டபோது மாப்பிள்ளை, “பாஸ்போர்ட் எங்க போயிடப் போகுது மச்சான், பத்திரமா இருக்கு. இங்க சீசன் முடியட்டும், அனுப்பி வெக்கறேன்” என்றார். அம்மா முடிந்தாள். சீசன் முடியவில்லை.

அதற்குப் பிறகு தங்கை ஒரு தடவை பக்கத்து வீட்டிலிருந்து பேசினாள். “அண்ணா, பாஸ்போர்ட் இல்லாமலே ஊருக்கு வர எம்பசில ஒரு பேப்பர் தருவாங்களாமே. அதுல என்ன எழுதணும்? சொல்லு, எழுதிக்கறேன்.” அந்தப் பேப்பர் எனக்குத் தெரியும். ஒரே பக்கம், ஒன்பது கேள்வி, இரண்டு படம். “புருஷன் பொண்டாட்டி விஷயத்தை எம்பசி வரைக்கும் கொண்டுபோகாதே. பொறுத்துக்கோ” என்றேன். அது வேறு விஷயம். நான் இங்கே மாப்பிள்ளையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதினோராவது வருடம் காய்ச்சல் என்றார்கள். அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே துணிமணி, ஒரு கைக்கடிகாரம், பாஸ்போர்ட். முப்பத்தாறு பக்கம். ஒரு பக்கத்தில் உள்ளே போன முத்திரை. மற்ற பக்கமெல்லாம் வெள்ளை. காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. எத்தனையோ பாஸ்போர்ட்டுகளைப் புரட்டியவன் நான். அவ்வளவு சுருக்கமான ஒன்றைப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அடித்ததில்லை, குடித்ததில்லை. தான் ஒரு தப்பு செய்ததாகவே அவருக்குத் தெரியாது. அது பிற்பாடு எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. தெரிந்திருந்தால் என்னிடம் வந்திருப்பாரா.

பத்தொன்பது வருடம் கழித்து வந்தார். போன வருடம். ஓய்வுபெற்று, தலை நரைத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு. அவர் மகள் வேறொரு நாட்டில் படித்து, அங்கேயே வேலையில் இருந்தாள். வயது இருபத்தெட்டு.

“மச்சான், பொண்ணுக்கு ரெண்டு கிட்னியும் போச்சாம். டயாலிசிஸும் ரொம்ப நாள் தாங்காதாம். நாள்தான் எண்ணிக்கிட்டிருக்கா. பிளேன்ல ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க, இல்லேன்னா இங்க கூட்டிட்டு வந்துடுவேன்” என்றார். “என்னோடது பொருந்துதாம். இங்கயே எல்லா டெஸ்ட்டும் எடுத்து அனுப்பியாச்சு. நான் போய்ப் படுத்தா போதும்.”

“இந்த வயசுலயும் உங்க சரக்கு விலைபோகுதே மாப்பிள்ளை” என்றேன்.

அவர் சிரித்தார். “உள்ள பார்த்தா அம்பது வயசுன்னு சொல்றாங்க மச்சான்.”

ஃபைலில் மருத்துவமனைக் கடிதம் இருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். நல்ல கடிதம், சுற்றிவளைக்காமல் எழுதியிருந்தார்கள். தந்தை மட்டுமே பொருந்துகிறார், தாமதம் நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்ற வரிக்கு அடிக்கோடு. அந்த நாட்டுக்கு மருத்துவ அவசர விசா என்று ஒன்று உண்டு. இப்படி ஒரு கடிதத்தை மேலே வைத்து அனுப்பினால் எட்டு வேலைநாளில் வந்துவிடும். எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

“ஏஜென்ட் ஒருத்தன் முடிச்சுத் தரேங்கறான்” என்றார்.

“ஏஜென்ட்டுகிட்ட போனா தலையில மொளகா அரைச்சிடுவான். நான் எதுக்கு இருக்கேன்” என்றேன்.

முதலில் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். போய் இறங்கும் நாளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அவருடையதில் ஐந்து மாதமும் இருபத்தாறு நாளும் இருந்தது. அந்த நாலு நாளை நான் கரைக்கவில்லை, காலம்தான் கரைத்தது. புதுப்பிக்க ஐந்து வாரம் ஆயிற்று. மூன்று நாளில் முடிகிற அவசரப் புதுப்பிப்பு ஒன்று இருக்கிறது. அவர் கேட்கவில்லை.

புதிய பாஸ்போர்ட் வந்ததும் வாங்கி என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். “எங்கிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ளை, பத்திரமா இருக்கும்.” அவர் நன்றி சொன்னார். அன்று சாயங்காலம் நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். அப்படி லேசாக நடந்து வெகு நாளாகியிருந்தது.

பிறகு விண்ணப்பம். மருத்துவ அவசரம் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, சுற்றிப் பார்க்க என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர் அந்த நாட்டைப் பார்த்ததில்லை, போனால் பார்க்கத்தானே போகிறார். சுற்றுலா விசாவுக்கு இணைக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் மருத்துவமனைக் கடிதம் இல்லை. பட்டியலில் கேட்காததை இணைக்காதே என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் இணைக்கவில்லை. திரும்பி வரும் தேதியைக் காலியாக விட்டேன். அறுவை முடிந்து எப்போது எழுந்திருப்பார் என்று அவருக்கே தெரியாதபோது நான் எப்படி எழுதுவது.

நேர்காணல் கிடையாது, காகிதம்தான் பேச வேண்டும். காகிதம் என்ன பேசியது என்று பாருங்கள். வயது அறுபத்திரண்டு, மனைவி இல்லை, வேலை இல்லை, மகள் அங்கே, திரும்பும் தேதி இல்லை, நோக்கம் சுற்றிப் பார்ப்பது. விசா அலுவலகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானே உட்கார்ந்திருந்தாலும் முத்திரையைத் தூக்கியிருக்க மாட்டேன்.

மறுப்பு வருவதற்கு முன்னால் அவர் மகள் என் கைபேசிக்கு வீடியோவில் வந்தாள். மூக்கில் குழாய். “மாமா, அப்பாவுக்குப் படிவத்தைக் கண்டாலே கை உதறும். நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் தூங்கறேன். அந்த ஆஸ்பத்திரி லெட்டர் இருக்கில்ல?”

“பத்திரமா இருக்கும்மா” என்றேன். என் டிராயரில்தான் இருந்தது.

“நான் அம்மா மாதிரி இருக்கேனா மாமா? எல்லாரும் சொல்றாங்க.”

“உன் அப்பா மாதிரி இருக்கே.”

அவள் அப்பா மாதிரிதான் இருந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க ஜாடை தாத்தா, அப்படியே உரிச்சு வெச்சிருக்கு” என்றாள். அவள் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் மறுப்பு வந்தது. திரும்பி வருவார் என்று நம்பிக்கை ஏற்படவில்லை என ஒரு வரி. மாப்பிள்ளை ஆடிப்போனார். “சுத்திப் பாக்கவா? நான் எதுக்குப் போறேன்னு எழுதலையா மச்சான்?” என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அது. “முதல்ல இப்படித்தான் போடணும். உடனே அவசரம்னு போட்டா சந்தேகப்படுவான். இப்ப பாருங்க, ரெண்டாவதுல அடிச்சுத் தூக்கறேன்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது ஆட்களை மேய்த்த கை, சற்று ஈரமாக இருந்தது.

அந்த இரண்டாவது படிவம்தான் இப்போது உங்கள் மேசையில் இருப்பது. நான் எழுதியதிலேயே அழகான படிவம் அதுதான். மருத்துவ அவசரம். கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே. சோதனை முடிவுகள் தேதிவாரியாக. தங்கும் முகவரி, திரும்பும் டிக்கெட், மகளின் அழைப்புக் கடிதம், படத்தில் இரண்டு காதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் படித்து மனம் இளக வேண்டும் என்று எழுதினேன். இளகிய மனத்தோடு முப்பத்தொன்றாம் கேள்விக்கு வர வேண்டும் என்று எழுதினேன்.

‘இதற்கு முன் உங்களுக்கு எந்த நாட்டின் விசாவாவது மறுக்கப்பட்டதுண்டா?’

ஆம் என்று டிக் செய்தால் ஒன்றும் ஆகாது. ஏன் என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் கடிதத்துக்கு முன்னால் பழைய மறுப்பெல்லாம் தூசி. நான் ‘இல்லை’ என்று டிக் செய்தேன். ஒரே மாதத்துக்கு முன் மறுத்த அதே அலுவலகத்துக்கு, மறுக்கவே இல்லை என்று. அங்கே இதற்குப் பெயர் பொய்த் தகவல். பொய்த் தகவலுக்குப் பத்து வருடம் நுழைவுத் தடை. கடிதம் பார்த்தாலும், கண்ணீர் பார்த்தாலும் பத்து வருடம்தான். விதிப்புத்தகத்தில் எனக்கு மனப்பாடமான பக்கங்களில் அது ஒன்று.

படிக்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று நேற்று கேட்டீர்கள். எல்லாரும் அப்படித்தான். கையெழுத்து வேண்டிய இடத்தில் நான் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வைப்பேன். குறியைப் பார்ப்பார்கள், போடுவார்கள், அடுத்த குறியைத் தேடுவார்கள். நாற்பத்தொரு வருடத்தில் முழுக்கப் படித்துவிட்டுப் போட்டவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் வக்கீல்கள். மூன்றாமவருக்குக் கண் தெரியாது, பெண்டாட்டியை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். மாப்பிள்ளை நாலு குறியிலும் போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

நகல் எடுக்கும்போது ஜெராக்ஸ் கடைக்காரம்மா நிறுத்தினாள்.

“தாத்தா, முப்பத்தொண்ணுல இல்லைன்னு போட்டிருக்கீங்க. போன மாசம்தானே திருப்பி அனுப்பினான்?”

“அது மறுப்பு இல்லம்மா. ஒத்திவெப்பு.”

“எனக்கே காது குத்தறீங்களா?”

“உனக்குத்தான் ஏற்கெனவே குத்தியிருக்கே. காப்பி எடு.”

எடுத்தாள். தனக்கும் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டாள் என்று நேற்றுதான் தெரிந்தது. கெட்டிக்காரி. நான் கதை விடுகிறவன் என்பதால் அன்றைக்கு அவள் அதை மேலே கிளறவில்லை. இத்தனை வருடம் விட்ட கதைகள் அந்த ஒரு தடவை எனக்கு உதவின.

பதினோராம் நாள் முடிவு வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன்.

“பத்து வருஷம்னா என்ன மச்சான்?”

“பத்து வருஷம்னா பத்து வருஷம்தான் மாப்பிள்ளை.”

“அப்ப அவ?”

நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். என் கணக்குக்குப் பதினொரு வருடம் கிடைத்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தது. ஆனால் தூதரகத்தில் பேரம் பேச முடியாது.

மேல்முறையீடு செய்தோம். அதற்குத் தொண்ணூறு நாள். அந்த நாட்களில் அவர் தினமும் காலையில் வந்து என் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கேயும் போக முடியாமல், எதிரே பாஸ்போர்ட் அலுவலகத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்புவேன். இடையில் அவரைப் பார்ப்பேன். வேண்டியவர்களைப் பார்க்க முடியாமல் ஒரு நாட்டுக்குள் பூட்டப்பட்டு இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு இப்போது தெரிந்திருக்கும். என் தங்கைக்காக நான் செய்யக்கூடியது அதுதான். வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார், பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஒரு நாள் தானாகவே, “உங்க தங்கச்சியை அம்மா சாவுக்கு அனுப்பியிருக்கணும் மச்சான்” என்றார். நான் கேட்காதது போல ஒரு படத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தொண்ணூறில் இன்னும் நாற்பது நாள் இருந்தது. டிக் போட்டது அவர் இல்லை, நான்தான் என்று உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் தடையை நீக்கியிருப்பார்கள். அதற்கும் ஒரு விதி இருக்கிறது. பசை காய்வதற்குள் அந்தக் கடிதத்தின் முதல் வரி மனத்துக்குள் வந்துவிட்டது. நான் எழுதவில்லை.

எழுபத்தோராம் நாள் அவள் இறந்தாள். தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்பீர்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன். கைதவறவில்லை.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். அவள் அவருடைய மகள். நான் அவருக்குத்தான் செய்தேன். அவள் நடுவில் வந்துவிட்டாள்.

அவளை ஊருக்குக் கொண்டுவரும் காகித வேலையையும் நான்தான் பார்த்தேன். இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையின்மைக் கடிதம். உயிரோடு வருகிறவர்களிடம் கேட்பதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். படம் வேண்டாம், திரும்பும் டிக்கெட் வேண்டாம். மாப்பிள்ளை பேனாவை என் பக்கம் தள்ளினார். “அவளை வாங்கிக்கறவர்னு உங்க பேரையே போட்டுடுங்க மச்சான். உங்களை விட்டா எங்களுக்கு யாரு” என்றார். இறந்தவருக்கு உறவு என்ற கட்டத்தில் தாய்மாமன் என்று எழுதினேன். சாதாரணமாகப் பத்து, பன்னிரண்டு நாள் இழுத்தடிக்கிற வேலை அது. ஒரு காகிதம்கூடத் திரும்பி வரவில்லை. நாலே நாளில் அவளை வரவழைத்துவிட்டேன். இந்த வேலை தெரிந்த ஒரு தாய்மாமன் இருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.